கேட்காரரைத் தாண்டிய பந்து

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு முழங்கால்களின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன். வலது முழங்கால் பிறக்கும்போதே கூட வந்தது. இடதில் இருப்பது ஸ்டீல். வலதின் மேல் செய்த சத்தியத்தில் சந்தேகம் உள்ளவர்கள் இடதின் மேல் செய்ததை எடுத்துக்கொள்ளலாம். அது துருப்பிடிக்காது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

நாற்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், நான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டிலேயே, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆளை வெளியே எடுக்கப் பதினான்கு வழிகள் எனக்குத் தெரியும். பதினான்கும் வெளியே நிற்கிறவன் செய்ய வேண்டியவை. கதவின் அவசரச் சாவி தொலைந்துபோயிருந்ததால் பூட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். உடைத்துத் திறப்பது திருடன் வேலை என்று சொல்லி, அவர் கம்பியும் அரமுமாகக் கதவருகே உட்கார்ந்து நான்கு மணி நேரம் மெனக்கெட்டார். நான்கு விரல் இடுக்கு வழியாக அவருடைய ஒரு கண் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு நுணுக்கமான வேலை செய்கிறார் என்று வியந்தபடி என் வாழ்க்கைக் கதை முழுவதையும் அவரிடம் சொல்லி முடித்தேன். கதவு திறந்தபோது இன்னொரு கண்ணும் இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன்.

கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே அவர் கேட்டார், “ஞாயித்துக்கிழமை காலைல என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்றதில்ல.”

“அதையே எங்க மைதானத்துல வந்து பண்ணுங்க.”

அப்படித்தான் அறுபத்திரண்டாவது வயதில் ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்தேன். அந்த வயதில் தொடங்கியதை ஆயுட்கால நட்பு என்று சொல்லலாமா என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். கையில் மிச்சம் இருந்த ஆயுள் முழுவதையும் கொடுத்துவிட்டேன், வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது மைதானம். பக்கத்துக்கு ஏழு பேர். சராசரி வயது அறுபத்தொன்பது. எங்களில் பாதிப் பேர் அதற்கு முன்னால் ஹாக்கியைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்ததில்லை. ரயில்வே கேட்டில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர் எங்கள் பக்கத்துக் கோல்கீப்பர். ரயில்வேயில் திறக்கவும் செய்தார், சாத்தவும் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு சாத்துவதை மட்டும் வைத்துக்கொண்டார். கேட்காரரைத் தாண்டிப் பந்து போவது எவ்வளவு அபூர்வம் என்றால், அவருடைய வலையின் வலது மூலையில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. குருவிகள் இடம் பார்த்துத்தான் கட்டும். அதே கூட்டில் மூன்று தலைமுறை பொரித்துப் பறந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

நடுவர் எங்கள் சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. எங்கள் எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், எதிரணியில் ஆடும் பேக்கரிக்காரர் கொண்டுவரும் முட்டை அட்டையை ஏந்திக்கொண்டு வரிசையாக வருவார். முப்பது குழி உள்ள அட்டை அது. மேல் வரிசையில் பல் செட். நடு வரிசையில் காது மிஷின். கீழே மோதிரம், கடிகாரம். அவரவருக்கு அவரவர் குழி. ஆகவே ஆட்டம் நடக்கும்போது எங்களில் ஒன்பது பேருக்குக் காது கேட்காது. ஆறு பேர் பேசினால் புரியாது. மைதானத்தில் சண்டை வராததற்கு இதுதான் காரணம் என்று சிஸ்டர் சொல்வார். விசில் ஊதும்போது கையில் ஒரு சிவப்புத் துண்டையும் சேர்த்து ஆட்டுவார், விசில் கேட்காதவர்களுக்காக.

காது போன பிறகு மனிதனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது. திரும்பச் சொல்லச் சொன்னால் எதிரே இருப்பவர் கத்துவார். கத்தினால் தெருவே பார்க்கும். தலையாட்டினால் வேலை முடிந்தது. கேட்காரரின் காதை ரயில்கள் கொண்டுபோயிருந்தன. தலையாட்டுவதில் எங்களுக்கெல்லாம் அவர்தான் குரு.

பூட்டுக்காரருக்கு இந்தத் தொந்தரவு இல்லை. பூட்டுக்குள் ஊசி நகர்வது கேட்கும் காது அது. பல்லும் முப்பத்திரண்டு சொந்தம். அவருடைய குறை வேறு. பதினோரு வருடமாக எதிரணியில் முன்வரிசை ஆட்டக்காரர். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. பேக்கரிக்காரர் ஐந்து போட்டிருந்தார். எங்கள் பக்கத்து ஜியாமெட்ரி வாத்தியார்கூடத் தவறான திசையில் இரண்டு போட்டிருந்தார். பூட்டுக்காரர் அடிக்கும் பந்து மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்காரரின் கால்காப்பில் போய் முட்டி நின்றுவிடும். “இன்னைக்கும் பூட்டிக் கெடக்கு” என்பார் கேட்காரர். “அடுத்த வாரம் வர்றேன்” என்பார் இவர். இதே பேச்சு, பதினோரு வருடம், ஓர் எழுத்து மாறாமல்.

அந்த வருடம் பூட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. மனைவி போய் எட்டு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவர் கடைக்குப் போனபோது, திறக்கக் கொடுத்திருந்த பெட்டிகளையும் பூட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உரியவர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பாக்கி வேலை எதையும் வைத்துவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சீட்டுக் கட்டினேன்.

கடைசிப் பெட்டியை மூடிவிட்டு அவர் சொன்னார், “எத்தனையோ தெறந்தாச்சு லிஃப்டு. அந்தக் கேட்டு ஒண்ணுதான் மிச்சம்.”

லிஃப்டு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை முழுவதும் தொலைபேசியும் கையுமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரர் ஒரு கோல் போட வேண்டும், அதற்கு எல்லோரும் வழிவிட வேண்டும். பேக்கரிக்காரர் உடனே சரி என்றார். ஜியாமெட்ரி, நேர்மைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிக் கால் மணி நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். சிஸ்டரும் சரி என்றார். ஆனால் பூட்டுக்காரர் ஓடக் கூடாது, நடக்க மட்டும்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான் ஆடினார் என்பதால் அது ஒரு பிரச்சினையாக இல்லை. கேட்காரர் மட்டும் தொலைபேசியை எடுக்கவில்லை. அது அடிப்பதே அவருக்குக் கேட்காது. காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் நேரில் சொன்னேன். ரகசியம் என்பதால் மெதுவாகச் சொன்னேன். “அண்ணே, பூட்டுக்காரர் அடிச்சா இன்னைக்கு விட்டுடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.” கேட்காரர் இரண்டு முறை தலையாட்டினார். போதாதென்று என் தோளையும் தட்டிக் கொடுத்தார். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன சம்மதம் தர முடியும்? முட்டை அட்டை அவரைக் கடந்து போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அவ்வளவு மோசமான நடிப்பை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. பந்து பூட்டுக்காரரிடம் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் தெருவில் மாடு வந்தால் ஒதுங்குவதுபோல ஒதுங்கினார்கள். ஜியாமெட்ரி குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். அவருடைய ஷூவுக்கு நாடாவே கிடையாது. நான் வானத்தைப் பார்த்தேன். பூட்டுக்காரர் காலாற நடந்து வந்து, கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் நுழைந்து, பந்தை அடித்தார். கேட்காரர் காலை நீட்டித் தடுத்தார்.

நன்றாகத்தான் நடிக்கிறார், முதல் பந்தையே விட்டால் சந்தேகம் வரும் என்று நிதானமாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதையும் தடுத்தார். மூன்றாவதை மட்டையால், நான்காவதை நெஞ்சால். எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். புழுதி விழுந்துவிட்டது என்று நினைத்துத் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். ஐந்தாவதையும் தடுத்தார். ஆறாவது பந்து மூலைக்குப் போனபோது, எழுபத்தைந்து வயது மனிதர் ஓர் ஆள் நீளத்துக்குக் காற்றில் கிடையாகப் போனார். எவ்வளவு நேரம் காற்றில் இருந்தார் என்றால், பேக்கரிக்காரர் அதற்குள் ஒரு நீண்ட இருமலை இருமி முடித்து, மன்னிப்பும் கேட்டுவிட்டார். பிறகுதான் கேட்காரர் தரைக்கு வந்தார், பந்தோடு.

என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த கோல்கீப்பிங் அதுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

இடைவேளை விட்டார்கள். கேட்காரர் கால்காப்பைக் கழற்றிப் போட நேரமாகும் என்பதால் எப்போதும் தன் கோலிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். மற்ற எல்லோரும் சிஸ்டரின் நாற்காலிப் பக்கம் வந்தோம். பூட்டுக்காரர் கடைசியாக வந்தார். மட்டையைத் தரையில் வைத்தார். போடவில்லை, பாம்பை வைப்பதுபோல மெதுவாக வைத்தார்.

“யாரோட யோசனை இது?”

ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அப்படித் தெரியவில்லை. களைப்பாக இருந்தார்.

“நாளன்னைக்கு என்னைக் கீறப் போறாங்க லிஃப்டு. மயக்க ஊசி போடறப்ப, புடிச்சது எதையாவது நெனைச்சுக்கிட்டே தூங்குங்கன்னு சொல்வாங்களாம். பொய்க் கோலையா நான் நெனைச்சுக்கணும்?”

ஜியாமெட்ரி தன் நாடா இல்லாத ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் விசிலைத் துடைத்தார். பூட்டுக்காரர் மைதானத்தின் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாரும் விட்டீங்க. அவன் மட்டும் ஏன்யா தடுக்கிறான்?”

அப்போதுதான் எனக்கு முட்டை அட்டை ஞாபகம் வந்தது. நடந்ததைச் சொன்னேன். நாங்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்ட கேட்காரர், அவ்வளவு தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

பூட்டுக்காரர் சிரித்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு மூச்சு வாங்கலாக மாறி, சிஸ்டர் அவரை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியதாகிவிட்டது. மூச்சு திரும்பியதும் சொன்னார், “அவனுக்குச் சொல்லாதீங்க. எவனாவது வாயைத் தெறந்தீங்க, நான் ஆபரேஷனுக்கே போக மாட்டேன். இனிமே ஒழுங்கா ஆடுங்க.”

ஒழுங்காக ஆடினோம். பேக்கரிக்காரர் தன் அணிக்காரர் என்றும் பாராமல் பூட்டுக்காரரைத் திட்டினார். ஜியாமெட்ரி தன் வழக்கப்படி கோணம் பார்த்துக் குறுக்கே வந்து நின்றார். நான் இரண்டு முறை பூட்டுக்காரரிடமிருந்து பந்தைப் பறித்தேன். இரண்டாவது முறை என் மட்டை அவர் கணுக்காலில் பட்டது. இரண்டு நாளில் நெஞ்சைத் திறக்கப்போகிற மனிதனின் கணுக்காலில் அடித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் வலியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று, “ம், அப்படி” என்றார்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பேக்கரிக்காரர் ஓங்கி அடித்த பந்து ஜியாமெட்ரியின் மட்டையில் பட்டுத் தெறித்து, வட்டத்தின் ஓரத்தில் பூட்டுக்காரரின் முன்னால் வந்து நின்றது. நான் பத்தடி தள்ளி இருந்தேன். ஓடினேன். நான் ஓடியது உண்மை. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், பூட்டில் காது வைத்துக் கேட்பதுபோல. ஓரடி நடந்தார். கேட்காரர் அவருடைய மட்டையையே பார்த்துக்கொண்டு முன்னால் வந்தார். பூட்டுக்காரர் இன்னோரடி நடந்தார். அவசரமே இல்லை. அடித்தார்.

பந்து தரையோடு தரையாகப் போனது. கேட்காரர் இடது பக்கம் முழு நீளத்துக்கு விழுந்தார். கையுறையின் நுனி பந்தில் பட்டதை நான் பார்த்தேன். பட்டும் நிற்கவில்லை. வலை அசைந்தது. வலது மூலைக் கூட்டிலிருந்து குருவி ஒன்று வெளியே வந்து, என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போனது.

எல்லோரும் கேட்காரரைப் பார்த்தோம். அவர் எழுந்திருக்காமல் புழுதியில் உட்கார்ந்தபடி பூட்டுக்காரரின் காலைக் காட்டினார். “கால்! அவன் கால்ல பட்டுது!” பல் செட் இல்லாததால் அதைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. பந்து காலில் பட்டிருந்தால் கோல் செல்லாது. சிஸ்டர் துண்டை உயர்த்தி, கோல்தான் என்று மைதானத்தின் நடுவைக் காட்டினார். கேட்காரர் தரையைக் கையால் அடித்தார். கால்காப்பைக் கழற்றி எறிந்தார். சிஸ்டர் வந்து, “கோல்தான் தம்பி, எழுந்திரிங்க” என்று அவர் முகத்துக்கு நேரே வாயசைத்துச் சொன்னார். அவர் முடியாது என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். பதினோரு வருடத்தில் அவர் தலை அந்தத் திசையில் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூட்டுக்காரர் அடித்த இடத்தை விட்டு நகரவே இல்லை. வலையையும் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை. கேட்காரரின் கோபத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விடாமல் பார்த்தார். அப்புறம் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எல்லோரும் போன பிறகு, கேட்காரர் காது மிஷினை மாட்டிக்கொண்டு தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரரே தடை போட்டிருந்தாலும், அவரிடம் மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷனில் எவ்வளவு ஆபத்து என்பதையும் சொன்னேன். அதுவும் அவருக்கு யாரோ சொல்லி, தலையாட்டியிருந்த விஷயம்தான்.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னேனே அண்ணே. தலையாட்டினீங்களே.”

“நான் எல்லாத்துக்கும்தான் ஆட்டுவேன். என் கல்யாணமே அப்படி நடந்ததுதான்.”

அப்புறம் நெடுநேரம் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?” என்று கேட்டேன்.

“விட்டிருப்பேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லவேளை” என்றார். எனக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை பூட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்க்கை மேஜையில் இருந்த பெண் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். நோயாளிக்குப் பொறுப்பேற்பவர் பெயர், உறவுமுறை, கையெழுத்து. நான் பேனாவைத் தேடுவதற்குள் கேட்காரர் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். உறவுமுறை என்ற இடத்தில் ‘எதிரணி கோல்கீப்பர்’ என்று இருந்தது. ரத்த உறவு யாராவது இல்லையா ஐயா என்று கேட்டாள்.

கேட்காரர் காது மிஷினைச் சரியாக அழுத்திக்கொண்டார்.

“பதினோரு வருஷமா, ஞாயித்துக்கிழமை தவறாம, இவன் என்னை ஏமாத்தப் பாக்கிறான். நான் இவனைத் தடுத்துக்கிட்டு இருக்கேன். எந்த அண்ணன் தம்பிம்மா இவ்வளவு நாள் விடாம வந்து நிக்கிறான்?”

அந்தப் பெண் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் அந்த ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். “முத்திரை போடும்மா” என்று மட்டும் சொன்னார். அவள் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பூட்டுக்காரரைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் துணியில் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் நாங்கள் பதின்மூன்று பேரும் சிஸ்டரும் வரிசையாக நின்றிருந்தோம். ஒவ்வொருவரும் கையைத் தொட்டோம். பேக்கரிக்காரர் சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொலைத்தார். ஆபரேஷன் அறைக் கதவருகே கேட்காரர் குறுக்கே நின்றார். தள்ளி வந்தவர்கள் நிறுத்த வேண்டியதாயிற்று.

பூட்டுக்காரர் தலையைத் தூக்கினார். “இன்னும் கோவமா?”

“கால்ல பட்டுது.”

“படல.”

“பட்டுது. நான் பார்த்தேன். சாகுற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன். வெளிய வா, பேசிக்கலாம்.”

“வர்றேன்” என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கேட்காரர் ஒதுங்கி வழிவிட்டார். எல்லாம் தெரிந்த பிறகும் எப்படி அப்படி ஒரு முகத்தோடு சொன்னார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் நாற்பது வருடம் வாடிக்கையாளர்களிடம் ‘இன்னும் அஞ்சே நிமிஷம்’ என்று சொல்லிப் பழகியவன். எனக்கு அந்த முகம் வராது.

ஐந்தரை மணி நேரம் ஆனது. டாக்டர் வெளியே வந்து, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, பூட்டுக்காரரின் ஆள் யார் என்று கேட்டார். பதினான்கு பேர் எழுந்தோம். வயசானவர்கள் எழுவதால் அதற்கும் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை பேரும் நிமிரும் வரை அவர் காத்திருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வால்வைப் பொருத்திவிட்டோம், ஆனால் இதயம் மறுபடி ஓட ஆரம்பிக்கவில்லை என்றார். கேட்காரர் தலையாட்டினார். மிஷின் காதில்தான் இருந்தது. கேட்டுத்தான் ஆட்டினார்.

மறுநாள் அவரை நாங்கள்தான் தோளில் தூக்கிப் போனோம். வண்டி வைத்துக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். வேண்டாம் என்றோம். பதின்மூன்று பேர், பதினேழு நல்ல முழங்கால்கள். நான்கு பேராகச் சுமந்தோம். எங்களால் தொடர்ந்து ஐம்பது தப்படிக்கு மேல் முடியாது. ஆகவே ஆட்டத்தில் ஆள் மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டோம். சிஸ்டர் முன்னால் நடந்தார். ஐம்பது தப்படிக்கு ஒருமுறை கையை உயர்த்துவார். ஒருவர் விலக, ஒருவர் தோள் கொடுப்பார். தெருவில் நின்றவர்கள், இவ்வளவு ஒழுங்காக நடக்கிறார்களே, ராணுவத்தில் இருந்தவர்களா என்று கேட்டார்களாம். கேட்காரர் மட்டும் மாறவில்லை. சிஸ்டர் இரண்டு முறை அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் பார்க்காததுபோல நடந்தார். மூன்றாவது முறை சிஸ்டர் கையை உயர்த்தவில்லை.

நான் லிஃப்டில் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த மனிதர்களில் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்காது. வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே போய்ச் சேர்ந்திருப்பேன். பதினோரு வருடம் கிடைத்தது. வேறு எதற்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவன், அந்த நின்றுபோன லிஃப்டுக்குச் சொல்லிக்கொள்கிறேன். கேட்காரர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். பந்து காலில் பட்டது என்று எங்களிடம் வாதாடுகிறார். நாங்கள் ஒவ்வொருவராகப் பூட்டுக்காரரின் பக்கம் நின்று படவில்லை என்கிறோம். வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.

முழங்கால்கள் மேல் ஆணையிட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: ஆபரேஷனுக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே பிடித்த மழை திங்கள் மதியம்தான் விட்டது, ஆட்டம் நடக்கவில்லை.